மனநல மருத்துவரின் நிபுணத்துவம் எதுவரை செல்லும்? சமூகவியல் நோக்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மனநல மருத்துவர் ஒருவர் செய்யும் வேலைகளை வரிசையாக எழுதிப் பாருங்கள். நோய்க்குப் பெயர் வைக்கிறார். மருந்து எழுதுகிறார். ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக மருத்துவமனையில் வைக்கலாமா என்று முடிவு செய்கிறார். நீதிமன்றத்தில் சாட்சி சொல்கிறார். ஒருவர் வேலைக்குத் திரும்பத் தகுதியானவரா என்று சான்று தருகிறார். எல்லாமே ஒரே பட்டத்தின் பெயரால் நடக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றுக்கும் பின்னால் இருக்கும் அறிவின் பலம் ஒன்றல்ல. அந்த வேறுபாட்டைப் பிரித்துப் பார்க்க உதவும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம்.

சமூகவியல் மனநல மருத்துவத்துக்கு எதிரானதா?

இல்லை. மனநோய் உண்மையா பொய்யா என்ற சண்டை சமூகவியலின் மையக் கேள்வி அல்ல. ‘இதைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் உரிமை எனக்கே’ என்ற நிலையை ஒரு தொழில் எப்படி அடைகிறது, அரசும் நீதிமன்றமும் காப்பீட்டு நிறுவனமும் குடும்பமும் அதற்கு எப்படித் துணை நிற்கின்றன, தவறு நேர்ந்தால் சுமை யார் தலையில் விழுகிறது என்பதையே அது கேட்கிறது. இதே கேள்விகளை வழக்கறிஞர்களைப் பற்றியும் பொறியாளர்களைப் பற்றியும் கேட்டிருக்கிறார்கள்.

மனநல மருத்துவத்தில் இவை கூர்மையாவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. இத்துறை பார்க்கும் பெரும்பாலான நோய்களை உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. அதோடு, நோயாளி வேண்டாம் என்று மறுத்த பிறகும் சிகிச்சை தரச் சட்டம் தனியாக இடம் கொடுப்பது முதன்மையாக இத்துறைக்குத்தான். அறிவில் ஐயம் மிகுந்திருக்கும் இடத்தில் அதிகாரமும் மிகுந்திருக்கிறது. இந்தப் பொருத்தமின்மைதான் அரை நூற்றாண்டுக்கு மேலாகச் சமூகவியலாளர்களை இங்கே இழுத்து வந்திருக்கிறது.

தொழில்சார் நிபுணத்துவம் என்றால் அறிவு மட்டும்தானே?

அறிவு ஒரு பகுதி. சமூகவியலாளர் எலியட் ஃபிரைட்சன் 1970இல் மருத்துவத் தொழிலை ஆராய்ந்தபோது, தன் வேலையைத் தானே மதிப்பிடும் தன்னாட்சியை அதன் அடையாளமாகக் காட்டினார்: மருத்துவர் செய்தது சரியா என்று இன்னொரு மருத்துவரே சொல்ல முடியும். சமூகவியலாளர் ஆண்ட்ரூ அபட் 1988இல் இன்னொரு கோணத்தைச் சேர்த்தார். ஒவ்வொரு தொழிலும் சிக்கலைப் பெயரிடுதல், அதிலிருந்து ஊகித்தல், தீர்வு தருதல் ஆகிய மூன்று செயல்களால் தனக்கென ஒரு வேலை எல்லையை வளைத்துக்கொள்கிறது. பக்கத்துத் தொழில்கள் அந்த எல்லையில் ஓயாமல் மோதுகின்றன. உளவியலாளர், நரம்பியல் மருத்துவர், சமூகப் பணியாளர், செவிலியர், மதகுரு என்று பலரும் ‘இந்தத் துயரம் என் பொறுப்பு’ என்று சொல்லக்கூடிய களம் இது.

இதில் கவனிக்க வேண்டிய விந்தை ஒன்று உண்டு. மற்றத் துறைகளில் ஒரு நோயின் காரணம் கண்டுபிடிக்கப்பட்டால் துறை வலுப்பெறும். மனநல மருத்துவத்தில் பல முறை அந்த நோயே கைவிட்டுப் போயிருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மனநோய் விடுதிகளில் பெருந்தொகையாக இருந்தவர்கள் மேகநோய் (சிபிலிஸ்) மூளையைத் தாக்கி அறிவு குழம்பியவர்கள். 1913இல் அவர்களின் மூளைத் திசுவிலேயே அந்தக் கிருமியை நொகுச்சியும் மூரும் கண்டார்கள். 1940களில் பெனிசிலின் வந்தது. அந்த நோய் பொது மருத்துவத்தின் கைக்குப் போய்விட்டது. வலிப்பு நோய் நரம்பியலுக்குப் போனது. நியாசின் குறைவால் வரும் பெலாக்ரா சத்துக்குறைவு நோய்களின் பட்டியலுக்குப் போனது. ஆகவே இன்று இத்துறையிடம் இருப்பவற்றில் பெரும்பகுதி, காரணம் இன்னும் பிடிபடாதவை. ‘இத்தனை ஆண்டுகளாகியும் ஏன் ஒரு சோதனைகூட இல்லை’ என்று கேட்பவர்கள் இந்த வரலாற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சாஸ், கோஃப்மன், ஃபூக்கோ, லேங் – எல்லோரும் ஒரே அணியா?

ஒரே பெட்டியில் போட்டுப் பேசுவது பரவலான தவறு. முதல் மூவரின் முக்கியமான நூல்களும் 1961இல் வந்ததால் அப்படித் தோன்றுகிறது.

தாமஸ் சாஸ் ஒரு மனநல மருத்துவர். உடலில் புண்ணோ மாற்றமோ காட்ட முடியாததை நோய் என்று அழைப்பதே தவறு என்றார். கட்டாய சிகிச்சையைக் கடைசிவரை எதிர்த்தார். ஆர். டி. லேங்கும் மனநல மருத்துவர்தான். ஆனால் பிதற்றலாகத் தோன்றும் பேச்சைப் பொருளுள்ள பேச்சாகக் கேட்க முடியும் என்பதே அவர் அக்கறை. இர்விங் கோஃப்மன் சமூகவியலாளர். 1955–56இல் வாஷிங்டனிலுள்ள செயின்ட் எலிசபெத்ஸ் மருத்துவமனையில் கள ஆய்வு செய்தவர். மனநோய் உண்டா என்பதை விட, உறக்கம், வேலை, ஓய்வு மூன்றும் ஒரே கூரையின் கீழ் ஒரே நிர்வாகத்தால் நடத்தப்படும் இடம் ஒரு மனிதரை என்ன செய்கிறது என்பதை அவர் விவரித்தார். பிரெஞ்சுச் சிந்தனையாளர் மிஷேல் ஃபூக்கோ, பைத்தியம் என்பதை மருத்துவம் தன் பொருளாக்கிக்கொண்ட வரலாற்றை எழுதினார். 17ஆம் நூற்றாண்டில் ஏழைகளோடு பைத்தியக்காரர்களும் பெருமளவில் அடைக்கப்பட்டார்கள் என்ற அவருடைய ‘பெரும் அடைப்பு’ பற்றிய காலக்கணக்கை ராய் போர்ட்டர் போன்ற வரலாற்றாசிரியர்கள் கடுமையாக மறுத்திருக்கிறார்கள். இதை மேற்கோள் காட்டும்போது அந்த மறுப்பையும் குறிப்பிடுவதே நேர்மை.

முத்திரைதான் நோயை உண்டாக்குகிறது என்பது நிரூபிக்கப்பட்டதா?

அந்த வலுவான வடிவத்தில் இல்லை. சமூக விதிகளை மீறும் விளக்கமில்லாத செயல்கள் பலரிடமும் வந்து போகின்றன, ‘மனநோயாளி’ என்ற முத்திரை விழும்போதுதான் அவை நிலைபெறுகின்றன என்று சமூகவியலாளர் தாமஸ் ஷெஃப் 1966இல் வாதிட்டார். முத்திரை விழுவதற்கு முன்பே பெரும்பாலோருக்குக் கடுமையான சிக்கல்கள் இருந்தன என்று இன்னொரு சமூகவியலாளரான வால்டர் கோவ் 1970களில் மறுத்தார். முதல் முறை நோய் ஏன் வந்தது என்பதற்கு முத்திரைக் கோட்பாட்டிடம் நல்ல பதில் இருந்ததில்லை. சமூகவியலும் தன் எல்லையை மீறிப் பேசிய இடம் இது என்றே சொல்ல வேண்டும்.

புரூஸ் லிங்க்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1989இல் திருத்திச் சொன்ன வடிவம்தான் இன்று நிற்கிறது. மனநோயாளிகளைச் சமூகம் தாழ்வாக நடத்தும் என்ற நம்பிக்கை நோய் வருவதற்கு முன்பே எல்லோர் மனத்திலும் ஊறியிருக்கிறது. தனக்கே அந்தப் பெயர் வந்ததும் ஒருவர் அதை மறைக்கிறார், ஒதுங்குகிறார், வேலைக்கு விண்ணப்பிக்கத் தயங்குகிறார். நட்பும் வருமானமும் சுருங்க, நோய் திரும்புவதற்கான வாய்ப்பு கூடுகிறது. முத்திரை நோயைப் படைப்பதில்லை; குணமாவதற்குத் தேவையானவற்றை அரித்துவிடுகிறது.

போலி நோயாளிகளை அனுப்பிய ரோசன்ஹான் ஆய்வை இன்னும் ஆதாரமாகக் காட்டலாமா?

காட்டாமல் இருப்பது நல்லது. உளவியலாளர் டேவிட் ரோசன்ஹான் 1973இல் வெளியிட்ட அந்தக் கட்டுரை, 8 பேர் 12 மருத்துவமனைகளுக்குச் சென்று குரல் கேட்பதாக மட்டும் சொன்னதாகவும், அனைவரும் சேர்க்கப்பட்டு 7 முதல் 52 நாள்வரை வைத்திருக்கப்பட்டதாகவும் கூறியது. பத்திரிகையாளர் சூசன்னா கஹாலன் 2019இல் மூல ஆவணங்களைத் தேடி வெளியிட்டபோது, ரோசன்ஹான் மருத்துவர்களிடம் கட்டுரையில் சொன்னதைவிட அதிகமான அறிகுறிகளைச் சொல்லியிருந்தது தெரிந்தது. நல்ல அனுபவம் பெற்ற ஒருவரின் தரவு விலக்கப்பட்டிருந்தது. பங்கேற்றவர்களில் பெரும்பாலோரை அடையாளம் காணவே முடியவில்லை. நோயறிதலின் பலவீனத்தைக் காட்ட இதைவிட உறுதியான சான்றுகள் இருக்கின்றன.

அந்த உறுதியான சான்றுகள் எவை? இரண்டு மருத்துவர்கள் ஒரே முடிவுக்கு வருவார்களா?

முதலில் 1970களின் தொடக்கத்தில் வெளிவந்த அமெரிக்க–பிரிட்டிஷ் ஒப்பீட்டு ஆய்வு. நியூயார்க் மருத்துவமனைகளில் மனச்சிதைவு நோய் மிக அதிகமாகவும் லண்டனில் மனநிலைக் கோளாறுகள் அதிகமாகவும் பதிவாகிவந்தன. ஆய்வுக் குழு இரு நகரத்து நோயாளிகளையும் ஒரே கேள்விகள் கொண்டு, ஒரே அளவுகோலில் பரிசோதித்தபோது வேறுபாட்டின் பெரும்பகுதி மறைந்துவிட்டது. வேறுபட்டிருந்தது நோயாளிகள் அல்லர், மருத்துவர்களின் வரையறை.

இத்தகைய சங்கடங்களுக்குப் பதிலாக வந்ததுதான் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் ராபர்ட் ஸ்பிட்சர் தலைமையில் 1980இல் வெளியிட்ட, மனநோய்களை வகைப்படுத்தும் டிஎஸ்எம் கையேட்டின் மூன்றாம் பதிப்பு. காரணங்களைப் பற்றிய கோட்பாடுகளை ஒதுக்கிவிட்டு அறிகுறிகளின் பட்டியலைத் தந்தது: இத்தனையில் இத்தனை இருந்தால், இத்தனை வாரம் நீடித்தால், இந்த நோய். இருவர் ஒரே முடிவுக்கு வருவது உறுதியாகும் என்பதே அதன் வாக்குறுதி.

அந்த வாக்குறுதியை அளக்கும் எண் கப்பா. தற்செயலாக ஒத்துப்போகும் அளவைக் கழித்துவிட்டு மீதியைக் காட்டும்: முழு ஒற்றுமைக்கு 1, தற்செயல் அளவுக்கு மேல் ஏதுமில்லை என்றால் 0. ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். 100 பேரை இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே பார்க்கிறார்கள். ஒவ்வொருவரும் 10 பேருக்கு ‘நோய் உண்டு’ என்கிறார்கள். இருவரும் ‘உண்டு’ என்றது 3 பேரை, இருவரும் ‘இல்லை’ என்றது 83 பேரை. ஆக 86 விழுக்காடு ஒற்றுமை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நோயாளியைப் பார்க்காமலே 10க்கு 1 என்று குறித்திருந்தாலும் 82 விழுக்காடு ஒற்றுமை வந்திருக்கும் (0.1 × 0.1 + 0.9 × 0.9). கப்பா = (0.86 − 0.82) ÷ (1 − 0.82) = 0.22. வெறும் விழுக்காட்டைக் காட்டும் எந்த அறிக்கையையும் இதனால்தான் நம்பக் கூடாது.

2013இல் வெளியான டிஎஸ்எம் ஐந்தாம் பதிப்பின் கள ஆய்வில் கிடைத்த எண்கள்: முதுமை மறதி போன்ற பெரும் அறிவாற்றல் குறைபாட்டுக்கு 0.78, அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறுக்கு 0.67, மனச்சிதைவுக்கு 0.46, பெரும் மனச்சோர்வுக்கு 0.28, பொதுப் பதற்றக் கோளாறுக்கு 0.20. ‘மனநல நோயறிதல் நம்பகமானது’ என்பதும் ‘நம்பகமற்றது’ என்பதும் இந்தப் பட்டியலின் முன் ஒருசேரத் தவறாகின்றன. உலகில் மிக அதிகமாகப் பயன்படும் பெயர்களில் ஒன்றான மனச்சோர்வு, அடிப்பகுதியில் இருக்கிறது. கைதேர்ந்த வாசகர் கவனிக்க வேண்டிய இன்னொன்று: முன்பு 0.7ஐ நல்ல அளவாகக் கருதிய துறையில், ஐந்தாம் பதிப்பின் ஆய்வுக்குழு 0.2 முதல் 0.4 வரை ஏற்கத்தக்கது என்று முன்கூட்டியே அறிவித்தது. அளவுகோலை யார் வைப்பது என்பதும் நிபுணத்துவ அதிகாரத்தின் ஒரு பகுதிதான்.

எல்லோரும் ஒரே பெயரைச் சொன்னால் அந்த நோய் உண்மையாகிவிடுமா?

ஆகாது. ஒத்துப்போவது ஒன்று, அந்தப் பெயர் இயற்கையில் உள்ள ஒரு பிரிவைச் சரியாகப் பிடிக்கிறதா என்பது வேறொன்று. பெரும் மனச்சோர்வுக்கான விதியையே எடுத்துக்கொள்ளுங்கள்: 9 அறிகுறிகளில் குறைந்தது 5, இரண்டு வாரம், அந்த ஐந்தில் சோகம், ஆர்வமின்மை இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தால் இந்த விதியை நிறைவு செய்யும் சேர்க்கைகள் 227. ஒரே பெயரைப் பெற்ற இருவருக்கு ஒரே ஓர் அறிகுறி மட்டும் பொதுவாக இருக்கலாம். ஒருவர் உறங்காமல், உண்ணாமல், பதறிக்கொண்டிருப்பார். இன்னொருவர் அளவுக்கு மீறி உறங்கி, எடை கூடி, அசையாமல் கிடப்பார். இருவர் கோப்பிலும் ஒரே குறியீட்டு எண்.

எல்லைக்கோடு எப்படி நகர்கிறது என்பதற்கு ஓரினச்சேர்க்கை பெரிய எடுத்துக்காட்டு. போராட்டங்களுக்கும் துறைக்குள் நடந்த விவாதங்களுக்கும் பிறகு 1973 டிசம்பரில் அமெரிக்கச் சங்கத்தின் அறங்காவலர் குழு அதை நோய்ப்பட்டியலிலிருந்து நீக்கியது. எதிர்ப்பாளர்கள் கேட்டதால் 1974இல் உறுப்பினர்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. 58 விழுக்காட்டினர் நீக்கத்தை ஆதரித்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 1990இல்தான் நீக்கியது. ‘நோயா இல்லையா என்பதை ஓட்டுப்போட்டா முடிவு செய்வது’ என்று பலர் கேலி பேசுவதுண்டு. அந்தக் கேலி மேலோட்டமானது. எந்த நிலையை நோய் என்பது என்ற முடிவில் ‘இது கேடு’ என்ற மதிப்பீடு எப்போதும் உள்ளே இருக்கிறது. ஜெரோம் வேக்ஃபீல்ட் 1992இல் முன்வைத்த வரையறையும் இயற்கைச் செயல்பாடு பழுதாவது, அது கேடாவது என்ற இரண்டையும் கேட்கிறது. இரண்டாவது பாதியில் மருத்துவருக்குத் தனி உரிமை இல்லை. அதைத் தீர்மானிப்பதில் சம்பந்தப்பட்டவர்களுக்குப் பங்கு வேண்டும்.

இறப்புத் துக்கத்தையும் நோய் என்கிறார்களாமே?

இப்போதைய விதிகள் இவை. டிஎஸ்எம் நான்காம் பதிப்பு, நெருங்கியவர் இறந்து இரண்டு மாதம்வரை பொதுவாக மனச்சோர்வு என்று பெயரிட வேண்டாம் என்று விலக்கு வைத்திருந்தது. 2013இல் அந்த விலக்கு எடுக்கப்பட்டது. 2022 திருத்தப் பதிப்பில் ‘நீடித்த துக்கக் கோளாறு’ தனி நோயாகச் சேர்ந்தது. பெரியவர்களுக்குக் குறைந்தது 12 மாதம் கடந்திருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பட்டியலான ஐசிடியின் பதினொன்றாம் பதிப்பில் 6 மாதம் போதும். ஒரே துக்கம், ஒன்பதாவது மாதத்தில் ஒரு புத்தகத்தின்படி நோயாகலாம், மற்றதன்படி ஆகாது.

இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. உறைந்துபோன சிலருக்குப் பெயர் இருந்தால்தான் உதவி கிடைக்கும், காப்பீடு கிடைக்கும். மறுபுறம், சூழலைக் கணக்கில் எடுக்காமல் அறிகுறியை மட்டும் எண்ணினால் இயல்பான சோகமும் பட்டியலுக்குள் வந்துவிடும் என்று ஹார்விட்ஸும் வேக்ஃபீல்டும் 2007இல் எச்சரித்தார்கள்.

ஒருவர் வன்முறையில் இறங்குவாரா, தற்கொலைக்கு முயல்வாரா என்று மருத்துவரால் முன்கூட்டியே சொல்ல முடியுமா?

தனி ஒருவரைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியாது. நிபுணத்துவத்தின் எல்லை மிகத் தெளிவாகத் தெரிவதும், அது அடிக்கடி மறக்கப்படுவதும் இங்கேதான்.

1966இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் பாக்ஸ்ட்ரம் தீர்ப்பால், ‘ஆபத்தானவர்கள்’ என்று நியூயார்க் மாநிலத்தில் கடுங்காவல் மருத்துவமனைகளில் வைக்கப்பட்டிருந்த 967 பேரைச் சாதாரண மருத்துவமனைகளுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. ஸ்டெட்மன், கொக்கோசா என்ற ஆய்வாளர்கள் அவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். பெரும்பாலோர் வன்முறையில் ஈடுபடவில்லை. கடுங்காவலுக்குத் திரும்ப வேண்டியிருந்தவர்கள் மிகச் சிலர்.

1983இல் டெக்சாஸ் மாநிலத்தின் பேர்ஃபுட் வழக்கு வந்தது. மரண தண்டனை விசாரணையில், குற்றவாளியை நேரில் பரிசோதிக்காத மனநல மருத்துவர்கள், அவர் மீண்டும் வன்முறை செய்வார் என்று உறுதியாகச் சாட்சி சொன்னார்கள். நீண்டகால ஆபத்தை முன்கணிக்கும் இத்தகைய கூற்றுகளில் மூன்றில் இரண்டு தவறு என்று அமெரிக்க மனநல மருத்துவச் சங்கமே நீதிமன்றத்தில் எழுத்துமூலம் தெரிவித்தது. தொழிலே தன் எல்லையை ஒப்புக்கொண்டது. நீதிமன்றம் அதை ஏற்காமல் சாட்சியத்தை அனுமதித்தது. ஆக, நிபுணர் தன்னை மிகைப்படுத்துவது ஒரு பக்கம் இருக்க, நிறுவனங்களுக்கு ஒரு கையெழுத்து தேவைப்படுவதாலும் நிபுணத்துவம் அதன் எல்லைக்கு வெளியே இழுக்கப்படுகிறது.

ஏன் தவறுகிறது என்பதற்குக் காரணம் மருத்துவரின் திறமைக்குறைவு அல்ல, எண்ணிக்கை. 10,000 பேரில் 100 பேருக்கு (1 விழுக்காடு) அந்தச் சம்பவம் நடக்கும் என்று வையுங்கள். ஒரு கருவி அந்த 100இல் 80 பேரைப் பிடிக்கிறது. மீதி 9,900 பேரில் 80 விழுக்காட்டினரைச் சரியாக விட்டுவிடுகிறது. நல்ல கருவிதான். ஆனால் தவறாகக் குறிக்கப்பட்டவர்கள் 1,980 பேர். குறிக்கப்பட்ட 2,060 பேரில் உண்மையானவர்கள் 80. அதாவது ஏறத்தாழ 26க்கு 1. அரிதான நிகழ்வை முன்கணிக்கும் எந்தக் கருவிக்கும் இந்தச் சிக்கல் உண்டு. தற்கொலையையோ மீண்டும் தன்னைக் காயப்படுத்திக்கொள்வதையோ முன்கணிக்க மதிப்பெண் கருவிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2022 வழிகாட்டுதலில் சொல்லியிருப்பது இதனால்தான்.

இதன் பொருள் மருத்துவர் எதையும் சொல்ல முடியாது என்பதல்ல. இன்றிரவு ஒருவர் எந்த நிலையில் இருக்கிறார், எது அவரைத் தாங்குகிறது, கைக்கெட்டும் ஆபத்தான பொருளை எப்படி அகற்றுவது, யார் உடனிருப்பது என்பதெல்லாம் பயிற்சி பெற்றவர் நன்றாகச் செய்யக்கூடியவை. தற்கொலை எண்ணம் வந்தால் உடனே உதவி நாட வேண்டும். மேலே சொன்ன கணக்கு அதற்கு எதிரான வாதம் அல்ல.

நேரில் பார்க்காத அரசியல்வாதிக்கு மனநல மருத்துவர் நோய்ப்பெயர் சூட்டலாமா?

அமெரிக்கச் சங்கத்தின் 1973 நெறிமுறை கூடாது என்கிறது. 1964இல் ஒரு பத்திரிகை, அதிபர் வேட்பாளர் பேரி கோல்ட்வாட்டர் பற்றி 12,356 மனநல மருத்துவர்களிடம் கருத்துக் கேட்டது. பதில் தந்த 2,417 பேரில் 1,189 பேர் அவர் தகுதியற்றவர் என்றார்கள். கோல்ட்வாட்டர் அவதூறு வழக்குத் தொடுத்து வென்றார். அவரைப் பரிசோதிக்காமலே வழங்கப்பட்ட இந்த முடிவுகள் அரசியல் கருத்துக்கு மருத்துவ அங்கி போர்த்தியவை.

அரசுகள் இதை அடக்குமுறைக்குப் பயன்படுத்தியது உண்டா?

உண்டு. சோவியத் ஒன்றியத்தில் ‘மந்தகதி மனச்சிதைவு’ என்ற பெயரால் அரசை எதிர்த்தவர்கள் அடைக்கப்பட்டார்கள். வெளிப்படையான அறிகுறி இல்லாமலே நோய் உள்ளே ஊர்கிறது என்று சொல்ல அந்த வரையறை இடம் கொடுத்தது. சீர்திருத்த வெறியே அறிகுறியாகக் கொள்ளப்பட்டது. உலக மனநல மருத்துவச் சங்கத்திலிருந்து வெளியேற்றப்படும் நிலை வந்தபோது சோவியத் சங்கம் 1983இல் தானே விலகியது. 1989இல் மீண்டும் சேர்க்கப்பட்டது. அதைத் தனியொரு கொடுங்கோன்மையாக ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்காவில் 1960களில் மனச்சிதைவு என்ற பெயர் கறுப்பின ஆண்களை நோக்கிச் சாய்ந்ததை மிச்சிகனின் அயோனியா மருத்துவமனைக் கோப்புகளிலிருந்து ஜொனதன் மெட்ஸல் காட்டியிருக்கிறார். அங்கே எவரும் ஆணையிடவில்லை. ‘பகைமை, ஆக்ரோஷம்’ போன்ற சொற்கள் வரையறைக்குள் நுழைந்தது போதுமானதாக இருந்தது.

எல்லாவற்றையும் மருத்துவமயமாக்குவது மருத்துவர்கள்தானா?

ஒரு காலத்தில் முதன்மையாக அவர்களே. சமூகவியலாளர் பீட்டர் கான்ராட் 1970களில் குழந்தைகளின் மிகைச்செயல்பாட்டை ஆராய்ந்து இந்த விவாதத்தைத் தொடங்கினார். 2005இல் அவரே, உந்துவிசை இடம் மாறிவிட்டது என்றார்: மருந்து நிறுவனங்கள், தங்களுக்கே பெயர் வேண்டும் என்று கேட்கும் நுகர்வோர், எதற்குப் பணம் தருவது என்று முடிவு செய்யும் காப்பீட்டு அமைப்புகள். டிஎஸ்எம் நான்காம் பதிப்பின் குழுக்களில் இருந்த 170 பேரில் 95 பேருக்கு (56 விழுக்காடு) மருந்து நிறுவனங்களோடு பணத்தொடர்பு இருந்ததை லிசா காஸ்குரோவ் குழு 2006இல் கண்டறிந்தது. பணத்தொடர்பு என்றாலே கையூட்டு என்று பொருளல்ல. ஆனால் யாருடைய கேள்விகள் ஆராயப்படுகின்றன என்பதை அது சாய்க்கிறது.

கேட்பவர்கள் பக்கமும் பார்க்க வேண்டும். பள்ளியில் கூடுதல் உதவி, பணி விடுப்பு, ஓய்வூதியம் எல்லாவற்றுக்கும் நிறுவனங்கள் நோய்ப்பெயரைத்தான் நுழைவுச்சீட்டாகக் கேட்கின்றன. அப்படியிருக்கையில் பெயரைத் தேடி வரும் பெற்றோரைக் குறை சொல்வது நியாயமில்லை.

வறுமையும் தனிமையும் காரணமென்றால் மருத்துவர் என்ன செய்ய முடியும்?

ஜார்ஜ் பிரவுனும் டிரில் ஹாரிஸும் லண்டனின் கேம்பர்வெல் பகுதிப் பெண்களை ஆராய்ந்து 1978இல் வெளியிட்ட முடிவுகள் இதற்கு இன்றும் அடிப்படை. கடுமையான வாழ்க்கை நிகழ்வு மனச்சோர்வைத் தூண்டுகிறது. மனம்விட்டுப் பேச நெருங்கிய துணை இல்லாமை, 14 வயதுக்குட்பட்ட மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட குழந்தைகள் வீட்டில் இருத்தல், வெளி வேலை இல்லாமை, 11 வயதுக்கு முன் தாயை இழந்திருத்தல் ஆகியவை அந்த அடியைத் தாங்கும் வலுவைக் குறைக்கின்றன. இவற்றில் ஒன்றைக்கூட மருந்துச்சீட்டால் மாற்ற முடியாது. மருத்துவருக்கு இது தெரியாததல்ல. அவர் கையிலுள்ள கருவிகள் தனி உடலையும் தனி மனத்தையும் நோக்கியவை. வீடும் வேலையும் தருவது அவர் தொழிலின் எல்லைக்குள் வைக்கப்படவில்லை.

அப்படியானால் மருந்துகள் பயனற்றவையா? நிறுத்திவிடலாமா?

இல்லை, நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள். காரணம் தெரியாமலே பலன் தெரிய முடியும். லித்தியம் 1949இல் ஜான் கேடின் கட்டுரையோடு பயன்பாட்டுக்கு வந்தது. எப்படி வேலை செய்கிறது என்பதில் இன்றும் முழுத் தெளிவில்லை, ஆனால் இருதுருவக் கோளாறு திரும்புவதைத் தடுப்பதில் அதன் பலன் நன்கு நிறுவப்பட்டது. மற்ற மருந்துகளுக்கு அசையாத மனச்சிதைவில் 1988 ஆய்வொன்றில் குளோசபின் 30 விழுக்காட்டினருக்கு முன்னேற்றம் தந்தது; ஒப்பிட்ட குளோர்புரோமசின் 4 விழுக்காட்டினருக்கு. இங்கே மருத்துவரின் அறிவு மிகத் திட்டமானது: லித்தியத்துக்கு ரத்த அளவும் சிறுநீரகமும் தைராய்டும், குளோசபினுக்கு வெள்ளணு எண்ணிக்கையும் பார்க்க வேண்டும். இவை பிசகினால் உயிருக்கே ஆபத்து.

இதே துறைதான் மூளையின் முன்பகுதி நரம்புகளை அறுக்கும் சிகிச்சையையும் கொண்டாடியது. அதற்காக எகாஸ் மோனிஸுக்கு 1949இல் நோபல் பரிசு கிடைத்தது. பலன் உண்டு என்ற மருத்துவர்களின் சொந்த நம்பிக்கைக்கும், ஒப்பீட்டு ஆய்வில் காட்டப்பட்ட பலனுக்கும் உள்ள தூரத்தை இந்த எடுத்துக்காட்டுகளில் காணலாம்.

நோயாளியின் அனுபவ அறிவையும் நிபுணத்துவம் என்று கருதலாமா?

கருதலாம், ஆனால் எதில் என்று பிரிக்க வேண்டும். மருந்தின் பக்கவிளைவு, வார்டில் நடப்பது, எந்தப் பேச்சு உதவியது, நோய் திரும்புவதன் முதல் அடையாளம் ஆகியவற்றில் நோயாளியின் சொல் முதல்நிலைச் சான்று. நெதர்லாந்தில் 1987 முதல் மனநல மருத்துவர் மாரியுஸ் ரோமும் அவருடைய நோயாளியான பட்சி ஹாகும் முன்னெடுத்த குரல் கேட்போர் இயக்கம், குரல் கேட்டும் சிகிச்சையை நாடாமல் வாழ்பவர்கள் இருக்கிறார்கள் என்று காட்டியது. நோயாளிகளே நடத்திய விசாரிப்பு இல்லாமல் இது வெளிவந்திருக்காது.

தடையாக நிற்பது, தத்துவவியலாளர் மிராண்டா ஃபிரிக்கர் 2007இல் சுட்டிய சான்றுரைப்பில் நேரும் அநீதி. சொல்பவர் யார் என்பதைப் பார்த்து அவர் சொல்லின் எடை குறைக்கப்படுகிறது. மறுத்தால் ‘நோய் பற்றிய உணர்வு இல்லை’ என்று எழுதப்படும். ஒப்புக்கொண்டால் நோய் உறுதியாகும். உணர்வின்மை மெய்யாகவே சில நோய்களில் உண்டு. அதனால்தான் இந்தக் கண்ணி அவிழ்க்கக் கடினமாக இருக்கிறது. மறுப்புக்கான காரணத்தை நோயாளியின் சொற்களிலேயே கோப்பில் பதிவது, குறைந்தபட்சம் அடுத்து வாசிப்பவர் தானே எடைபோட உதவும்.

ஒரு மனநல அறிக்கையை அல்லது நிபுணரின் கூற்றை எப்படி வாசிப்பது?

1. இது எந்த வகைக் கூற்று என்று குறியுங்கள்: கண்டது, பெயரிட்டது, காரணம் சொன்னது, முன்கணித்தது, செய்ய வேண்டியதைப் பரிந்துரைத்தது. ஒரே பத்தியில் ஐந்தும் கலந்திருக்கும். நம்பகம் பொதுவாக முதலாவதில் அதிகம், நான்காவதில் குறைவு.
2. எத்தனை முறை, எவ்வளவு நேரம், எந்த மொழியில் பேசினார்? மொழிபெயர்ப்பாளராக உறவினர் இருந்தாரா?
3. தகவல் யாரிடமிருந்து வந்தது? ‘ஆக்ரோஷமாக நடந்தார்’ என்பது நேரில் கண்டதா, குடும்பத்தார் சொன்னதா, பழைய கோப்பிலிருந்து எடுத்ததா? பழைய கோப்பின் ஒரு வரி பத்து அறிக்கைகளில் நகலாகி, பத்துச் சான்றுகள்போல் தோற்றமளிக்கும். அடிக்கடி நிகழும் பிழை இதுதான்.
4. வேறு எந்த விளக்கங்கள் பரிசீலிக்கப்பட்டன? தைராய்டு, போதைப்பொருள், மருந்தின் விளைவு விலக்கப்பட்டனவா?
5. அறிக்கையைக் கேட்டவர் யார், எதற்காக? சிகிச்சைக்காக எழுதியதை நீதிமன்றத்திலோ வேலை நீக்கத்திலோ பயன்படுத்தும்போது அதன் பொருள் மாறிவிடுகிறது.

இத்துறையில் கள ஆய்வு செய்ய விரும்புபவர் எங்கே சறுக்குவார்?

பெரும்பாலும் கோப்புகளில். சமூகவியலாளர் ஹரால்ட் கார்ஃபிங்கல் 1967இல், மனநலப் புறநோயாளிப் பிரிவொன்றின் பதிவேடுகள் ஏன் எப்போதும் ஓட்டையாகவே இருக்கின்றன என்று விளக்கினார். அவை ஆய்வாளருக்காக எழுதப்படுவதில்லை. பின்னாளில் யாராவது கேள்வி கேட்டால் ‘முறைப்படி நடந்தது’ என்று காட்டுவதற்காக எழுதப்படுபவை. ஆகவே கோப்பிலிருந்து நோயாளிகளை எண்ணுவதற்கு முன், அந்தப் படிவத்தை யார் எப்போது நிரப்புகிறார், எந்தக் கட்டத்தை நிரப்பாவிட்டால் பணம் நின்றுபோகும் என்று கேட்டறிய வேண்டும்.

அடுத்த சறுக்கல், மருத்துவரை மட்டும் பேட்டி காண்பது. முடிவுகள் இரவுப்பணிச் செவிலியர், படுக்கைக் காலியிடம், ஆம்புலன்ஸ், காவல்துறை ஆகியோரின் வழியாகவே உருவாகின்றன. ஒரு நோயாளியின் சேர்க்கையை வாசலில் தொடங்கி வார்டுவரை ஒவ்வொரு கைமாற்றமாகப் பின்தொடர்ந்தால், நோய்ப்பெயர் எந்த மேசையில் முதன்முதலாக எழுதப்பட்டது என்பது தெரியும். பல நேரம் அது மனநல மருத்துவரின் மேசையாக இருக்காது. நோயாளிகளைப் பேட்டி காண்பதென்றால், அனுமதியை ஒருமுறை கையெழுத்தாக வாங்கி நிறுத்திவிடாமல் ஒவ்வொரு சந்திப்பிலும் புதிதாகக் கேளுங்கள். வார்டில் இருப்பவருக்கு ‘முடியாது’ என்று சொல்லும் வாய்ப்பு குறைவு. சிகிச்சை தருபவர் அறையில் இருக்கும்போது பேட்டி எடுக்கவே கூடாது.